அறுபத்தைந்தில் வடிந்த போத்தல்

பல்லேபொலவில் கறுவா இலை எண்ணெய் வடிக்கும் கொட்டிலில் பத்து வருஷமாக எனக்கு வேலை. அங்கே ஒரு வழக்கம் இருந்தது. முதலில் இறங்கும் எண்ணெயில் ஒரு சின்னப் போத்தல் பிடித்து, அடுப்புக்குப் பக்கத்துத் தட்டில் வைப்பேன். அது நெருப்புப் போடுபவருடைய பங்கு. கேட்கவும் வேண்டாம், சொல்லவும் வேண்டாம், எடுத்துக்கொண்டு போவார்.

எண்ணெய் விலை விழுந்ததும் முதலாளி வேறு தொழில் கொண்டுவந்தார். எங்கேயோ பாவித்துக் கழித்த, நாலு வகை ஸ்பிரிட் கலந்து கிடந்த பீப்பாய்கள். அவற்றைப் பிரிக்க, கூரைக்கு மேலே தலை நீட்டும் ஒரு இரும்புக் குழாயைப் பூட்டினோம். கீழே கொதிக்கும்; ஆவி உள்ளே தட்டுத் தட்டாக ஏறும்; லேசானது முதலில் உச்சிக்குப் போய்க் குளிர்ந்து இறங்கும். உச்சியின் சூட்டைப் பார்த்துக் கேனை மாற்றுவது என் வேலை. அறுபத்தைந்து பாகையில் மெதனோல், எழுபத்தெட்டில் எதனோல், கனமானதெல்லாம் கடைசியில். "முதல்ல வர்றது விஷம், தனியா வைங்க" என்று முதலாளி என்னிடம் சொல்லியிருந்தார். நெருப்புப் போடுபவரிடம் யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

அவர் தோட்டத்து லய வீடுகளிலிருந்து வருபவர், என்னைவிட இளையவர். முஸ்லிம் என்பதால் என்னை அண்ணா என்னாமல் நானா என்பார். வாய் ஓயாது. "குடிக்கவும் மாட்டீங்க, மோந்து பார்க்கவும் மாட்டீங்க. உங்ககிட்டப் போய் ஸ்பிரிட்ட ஒப்படைச்சிருக்காரே முதலாளி, நானா!" என்று சிரிப்பார்.

முதல் நாள் அறுபத்தைந்தில் சொட்டத் தொடங்கியது. நிறம் பார்க்க ஒரு போத்தல் பிடித்தேன். பாழாய்ப்போன கை, பத்து வருஷம் வைத்த அதே தட்டில் கொண்டுபோய் வைத்தது. நான் கேன் மாற்றப் போய்விட்டேன்.

மறுநாள் நான் நேரத்தோடு வந்து நெருப்பை மூட்டியிருந்தேன். அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தார்.

"எல்லாம் பனிமூட்டத்துக்குள்ள தெரியிற மாதிரி இருக்கு நானா. தலையும் இடிக்குது."

தட்டைப் பார்த்தேன். போத்தல் இல்லை. யா அல்லாஹ்! அதைக் குடித்திருக்கிறார் என்று அந்த நொடியே விளங்கிற்று. ஆனால் உச்சியில் எழுபத்தெட்டு அசையாமல் நின்றது. நெருப்பு இறங்கினால் பிரிந்ததெல்லாம் மறுபடி கலந்துபோகும். முதலாளி என்ன ஏது என்று கேட்பார். "புகை பட்டிருக்கும் தம்பி, கண்ணைக் கழுவிட்டு வந்து விறகப் போடுங்க" என்றேன். வாய் கூசாமல் சொன்னேன்.

பகலுக்கு மேல் அவர் அடுப்பு என்று நினைத்து வெறுந்தரையில் விறகைப் போட்டார். அப்போதுதான் த்ரீவீல் பிடிக்க ஓடினேன். ஆஸ்பத்திரியில், என்ன குடித்தார் என்று டாக்டர் கேட்டார். கள்ளச் சாராயம், கசிப்பாக இருக்கும் என்றார் ஓடிவந்திருந்த நெருப்புப் போடுபவருடைய மனைவி. "இல்ல, மெதனோல். நான் வச்ச போத்தல்" என்றேன். உயிரைக் காப்பாற்றினார்கள். பார்வை திரும்பவில்லை.

ஒரு மாதம் கழித்து அவர் வீட்டுக்குப் போய், போத்தலைத் தட்டில் வைத்ததைச் சொல்லி மாப்புக் கேட்டேன்.

"கை மறந்து வச்சிருச்சு நானா, அதுக்கு என்ன செய்றது" என்றார். மனைவி தேத்தண்ணிக் கோப்பையை அவர் கையில் பிடிக்கவைத்துவிட்டுப் போனார். ஒரு மிடறு குடித்துவிட்டு என் குரல் வந்த பக்கம் திரும்பினார்.

"காலையில வந்து சொன்னேனே, அப்பவே உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"தெரியும்" என்றேன்.

கோப்பையை வைக்க இடம் தேடி அவர் பக்கத்தில் தடவினார். வாங்கி வைக்க எழுந்தேன்.

"வேணாம். நீங்க போங்க" என்றார்.