ஊசி இருக்கிறது, ஆளைக் காணோம்

குண்டசாலையில் யார் வீட்டில் எது நடந்தாலும் முதலில் எனக்குத்தான் தெரியும், சம்பந்தப்பட்டவர்களுக்கு அதன் பிறகுதான் தெரியவரும் என்று என் மனைவி சொல்வார். அந்தப் பெருமை போன மாதம் ஒரு காலையில் பாண் கடை வாசலில் போயிற்று. கடைக்காரர் பாரூக் நானா பாண் ரொட்டியைத் தாளில் சுற்றாமல் கையிலேயே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "ஒங்களுக்கு இன்னும் தெரியாதா? டொக்டர் மிஸ் மவுத்தாகிட்டாங்க. விடிய ஆஸ்பத்திரியில இருந்து அவங்க கூடப்பிறந்த தம்பிக்கு கோல் வந்திச்சாம்." பக்கத்து வீட்டுக்காரன் நான். அவர் இறந்ததுகூடத் தெரியாமல் நின்றேன். பாணை வாங்காமலே திரும்பிவிட்டேன்.

கலாநிதி அமிர்தவல்லி உங்களில் சிலருக்குப் பல்கலைக்கழகத்தில் ஓய்வு பெற்ற விரிவுரையாளர். எங்கள் லேனுக்கு டொக்டர் மிஸ். எனக்கு அமிர்தம் அக்கா. வாசல் பலகையில் பெயருக்கு முன்னால் இருந்த 'டொக்டர்' பட்டத்தை நம்பி இருமலோடும் மூட்டுவலியோடும் வந்தவர்கள் உண்டு. அவர்களை உட்காரவைத்து, தேத்தண்ணீர் கொடுத்து, "நான் பார்க்கிற நோயாளிக்கு வாயும் இல்ல, வயிறும் இல்ல, நீங்க பெரியாஸ்பத்திரிக்கே போங்க" என்று அனுப்புவார்.

அந்த நோயாளி யார் என்று கண்டுபிடிக்கத்தான் நான் முதன்முதலில் அவர் வீட்டுப் படியேறினேன். காரணம் வாசனை. அவருடைய குசினி யன்னலிலிருந்து நாள் முழுதும் ஸ்பிரிட் நெடி அடித்துக்கொண்டிருந்தது. தனியாக இருக்கும் பெண், அதுவும் படித்த பெண் என்று லேன் முழுக்க ஒரு முடிவுக்கு வந்திருந்தது. அந்த முடிவுக்கு லேனை அழைத்துவந்ததில் என் உழைப்பும் கொஞ்சம் உண்டு. உள்ளே போனால் வரிசையாகப் போத்தல்கள். ஒவ்வொன்றிலும் ஸ்பிரிட்டில் ஊறும் அழுக்கு நிறத் துண்டு. "குடிக்கிறியா?" என்று ஒரு போத்தலை நீட்டினார். என்னைப் பற்றி அவரும் விசாரித்து வைத்திருந்தார் என்பது அப்போதுதான் புரிந்தது.

அவை கடற்பஞ்சுகள், கடலடியில் ஒட்டிக்கொண்டு வாழும் உயிர்கள். கடற்கரையில் நாம் பொறுக்கும் முருகைக்கல், அதாவது பவளம், வெயில் படும் நீரில் வளர்வது. அக்காவின் முருகை வெளிச்சமே எட்டாத ஆழத்தில், நுவரெலியாக் குளிரை வெயில் என்று சொல்லவைக்கும் குளிரில், கிளை கிளையாக வளர்வது. அதன் செத்த கிளைகளின் பொந்துகளில்தான் பஞ்சுகள் கூட்டமாகக் குடியிருக்கின்றன, ஒன்றின்மேல் ஒன்று அப்பிக்கொண்டு. "உள்ளங்கை அளவு கிளையில நம்ம லேன்ல இருக்கிறதவிட கூட வீட்டுக்காரங்க, தம்பி. ஆனா ஒருத்தரும் ஒருத்தரப் பத்தி பேசிக்கிறதில்ல" என்றார்.

வட அத்திலாந்திக்கில் ஆய்வுக் கப்பலில் போகும் எல்சா என்ற தோழிதான் அந்தத் துண்டுகளை அனுப்புவார். அக்கா ஒருநாளும் கப்பலேறியதில்லை. ஏறவும் முடியாது. பிறந்த ஊரான தெல்தோட்டைக்கு பஸ்ஸில் போனாலே வளைவுகளில் அவருக்குக் குடல் புரளும். ஒருமுறை துணைக்குப் போன நான் ஒரு கையில் எலுமிச்சம்பழத்தோடும் மறு கையில் பொலித்தீன் பையோடும் உட்கார்ந்திருந்தேன். ஆழ்கடல் நிபுணர் பைக்குள்ளிருந்து முகத்தை எடுத்து, "இதை எழுதினியோ, பார்த்துக்க" என்றார். எழுதிவிட்டேன் அக்கா.

பஞ்சுகளைத் தோற்றத்தை வைத்துப் பிரிக்க முடியாது. ஒரே இனம் இரண்டு இடத்தில் இரண்டு வேஷம் போடும். வேறு வேறு இனங்கள் ஒரே வேஷத்தில் நிற்கும். உள்ளே இருக்கும் கண்ணாடி ஊசிகள்தான் அடையாளம். ஒரு துணுக்கைத் துணி வெளுக்கும் ப்ளீச்சில் போட்டால் சதை கரைந்து, அடியில் வெள்ளைத் தூசி படியும். அதை நுணுக்குக்காட்டியின் கீழே எனக்குக் காட்டினார். குண்டூசி, நட்சத்திரம், வில், கொக்கி. ஒரு சிட்டிகைத் தூசியில் ஒரு நகைக்கடை. "உருவத்தப் பார்த்து ஏமாறாத. ஊசியப் பாரு" என்பார்.

போன வருடம் அப்படிப் பார்த்தபோதுதான் அந்த ஊசி அகப்பட்டது. கைத்தடி போல ஒரு முனை வளைந்து, உடம்பெல்லாம் முள். எந்தப் புத்தகத்திலும் இல்லை; அப்படியென்றால் புது இனம். பஞ்சோ விரல் நகம் அளவு படலம். அந்த ஒரு படலம்தான் இருந்தது. மற்றவர்கள் பெயர் வைத்த பஞ்சுகளை அடையாளம் காட்டியே காலத்தைக் கழித்தவர் அக்கா. அவர் பெயர் வைத்த பஞ்சு என்று ஒன்றுமே இல்லை. அவர் உடம்பில் புற்றுநோய் பரவிவிட்டது என்று ஆஸ்பத்திரியில் அப்போதே சொல்லியிருந்தார்கள். இனி இன்னொரு வாய்ப்பு வராது என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பெயரையும் முடிவு செய்துவிட்டார்: காமாட்சி. தெல்தோட்டையில் தேயிலைக் கொழுந்து பறித்து இவரைப் படிக்கவைத்த, கடலை ஒருமுறைகூடப் பார்த்திராத அவருடைய அம்மா. புது இனத்தைப் பற்றி அக்கா எழுதிய கட்டுரையை எல்சா அச்சுக்கு அனுப்பத் தயாராக இருந்தார்.

அந்த நாட்களில் ஒரு பின்னேரம் நான் சுடச்சுட ஒரு செய்தியோடு போனேன். மூலை வீட்டு ஓய்வு பெற்ற வங்கி மனேஜர், மனைவியை இழந்தவர், யாரையும் வாசலுக்குள் விடாத மனிதர். அவர் படியில் ஒரு பெண்ணின் செருப்பு. நான் தாலிக்கு நாள் பார்ப்பதுவரை போய்விட்டேன். அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"படியில செருப்பு கெடந்தா, செருப்புக்காரி வீட்டுக்குள்ள இருக்கான்னு அர்த்தமா? நாய் இழுத்துக்கிட்டு வந்து போட்டிருக்கும். மழைத்தண்ணி அடிச்சிக்கிட்டு வந்து..."

அவர் நிறுத்தினார். கையிலிருந்த கோப்பை பாதி வழியில் நின்றது. நோவுதான் வந்துவிட்டது என்று நான் எழுந்தேன்.

"ஒண்ணுமில்ல. நீ வீட்டுக்குப் போ, தம்பி" என்றார்.

(அந்தச் செருப்பு என் மனைவியுடையது என்று மறுநாள் தெரிந்தது. கொண்டுபோனது நாய்தான்.)

இரண்டொரு நாளில் கூப்பிட்டார். மேசை விளக்கைப் பிடிக்க ஆள் வேண்டும். அந்த ஊசியும் செருப்பு மாதிரி வேறெங்கிருந்தோ வந்து விழுந்ததோ என்று அவருக்குச் சந்தேகம். ப்ளீச்சில் கரைத்தால் வீட்டுக்காரர் ஊசியும் வந்து விழுந்த ஊசியும் ஒன்றாகத்தான் அடியில் படியும். கரைக்காமல் மெல்லிய சீவலாக வெட்டிப் பார்த்தால், சொந்த ஊசிகள் தேயிலை நிரை மாதிரி ஒழுங்காக நிற்கும், அந்நியமானவை தோலில் கண்டபடி கிடக்கும். இதை அவர் முதலிலேயே செய்திருப்பார். மிச்சமிருந்த படலம் அவ்வளவு சிறிது என்பதால் வெட்டத் தயங்கினார். புது இனம் என்றால் சாட்சிக்கு அந்தத் துண்டு இருந்தாக வேண்டும். மெழுகில் பதித்து, சவர அலகால் வெட்டினார். நான் விளக்கைக் கிட்டே கொண்டுபோனேன்.

வெகுநேரம் பார்த்தார். "உள்ள அந்த ஊசி ஒண்ணுகூட இல்ல. எல்லாம் மேல்தோல்ல குறுக்கும் நெடுக்குமா கெடக்கு."

படலம் எல்லோருக்கும் தெரிந்த சாதாரண இனம். எனக்குத்தான் பொறுக்கவில்லை.

"நீங்க சொல்லாட்டி யாருக்குக்கா தெரியப்போகுது?"

"நாளைக்கு ஒருத்தன் அந்தப் பேர வச்சிக்கிட்டு தேடுவான். இல்லாத ஆளத் தேடுவான். அம்மா பேருல அப்படி ஒரு வேலைய செய்யவா?"

அன்றே எல்சாவுக்குக் கட்டுரையை நிறுத்தச் சொல்லி எழுதினார். எழுதி முடித்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் எதிர்பார்க்கவில்லை. "ஆனா ஊசி பொய்யில்லையே, தம்பி. யாரோ ஒருத்தரோடதுதானே? எங்கயோ கிட்டத்துல இருக்கணும். யாரா இருக்கும்?"

கடைசியாக ஆஸ்பத்திரியில் பார்த்தபோது பஞ்சுக்கு அம்மாவின் பெயரை வைக்க முடியாமல் போனதைப் பற்றிக் கேட்டேன். "அம்மா இருந்திருந்தா, அடுத்தவ செருப்ப எனக்கு மாட்டிவிடப் பார்த்தியாடின்னு ஏசியிருக்கும்" என்றார். பிறகு மூச்சு வாங்கிக்கொண்டு, "எல்சா ஏதாச்சும் கண்டுபிடிச்சா ஒனக்கு எழுதச் சொல்லியிருக்கேன். எல்லாத்தையும் முதல்ல கேள்விப்படுற ஆள் நீதானே" என்றார்.

போத்தல்களும் நுணுக்குக்காட்டியும் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டன. எல்சா எழுதினார். அதே முருகைக் கிளையின் வேறு துண்டுகளிலும் அந்த முள் கைத்தடி கிடைக்கிறதாம், சில முறியாமல் முழுசாகவே. சொந்தக்காரரை மட்டும் இன்னும் காணோம். அகப்பட்டால் காமாட்சி என்று வைப்பீர்களா என்று கேட்டேன். முதலில் ஆள் அகப்படட்டும் என்று பதில் வந்தது. அக்காவும் அதையேதான் சொல்லியிருப்பார்.

கப்பல் மறுபடி எப்போது போகும் என்று கேட்டு வைத்திருக்கிறேன். கண்டி பஸ்ஸில் நிற்கும்போது, பாண் கடையில் பாரூக் நானா உலகச் செய்தி சொல்லும்போது, திடீரென்று அந்த முகம் தெரியாத ஆள் நினைவுக்கு வருகிறார். இருட்டில், குளிரில், ஏதோ ஒரு பொந்தில் தண்ணீரை வடிகட்டிக்கொண்டு. என்ன நிறமாயிருக்கும்? நகத்தளவா, பானையளவா? தனியாகவா, கூட்டமாகவா? கேள்விப்பட்டதை எல்லாம் அன்றைக்கே ஊருக்குக் கொடுத்துவிடுகிறவன் நான். அமிர்தம் அக்காவிடமிருந்து எனக்கு வந்த இந்த 'யாரா இருக்கும்?' மட்டும் என்னிடமே இருக்கட்டும்.