நாய்க்கு ஒரு வெள்ளிக் கால்

எங்கள் நாய்க்கு உடம்பெல்லாம் அரிப்பு. மருந்துக்கடையில் சொல்லி ஒரு மாத்திரை வாங்கி வந்தேன். மூன்றே நாளில் சொறிவது நின்றது. விட்டால் திரும்ப வந்துவிடும் என்று நானாகவே மாதக்கணக்கில் கொடுத்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பசி என்றால் அப்படியொரு பசி. ஞாயிறுதோறும் மேலப்பாளையம் போய், கறிக்கடையில் கொழுப்பாகக் கேட்டு வாங்கி வேகவைத்துப் போட்டேன். "கன்னுக்குட்டி கணக்கா வளத்திருக்கீரே வே" என்று யாராவது சொன்னால் எனக்குத் தலைகால் புரியாது.

ஒருநாள் காலையில் மாடிப்படி ஏறப் போனது, பின்னங்கால் இரண்டும் மடங்கி அப்படியே உட்கார்ந்துவிட்டது. சுளுக்குதான், எனக்குத் தெரியாத வைத்தியமா என்று நல்லெண்ணெய் காய்ச்சித் தேய்த்தேன். ஒரே வாரத்தில் காலை இழுத்துக்கொண்டு நகர ஆரம்பித்தது. என் மனைவி என்னிடம் பேச்சைக் குறைத்துக்கொண்டு முருகனிடம் பேசினாள். நாய் எழுந்து நடந்தால் திருச்செந்தூர் உண்டியலில் வெள்ளிக் கால் போடுவதாக நேர்ந்துகொண்டாள். நாய்க்குப் போய் நேர்ச்சையா என்று நான் சிரித்தேன்.

கால்நடை மருத்துவமனையில் டாக்டரம்மா ஸ்கேன் படத்தைக் காட்டினார். முதுகெலும்புக்குள் கொழுப்பு சேர்ந்து நரம்பை அமுக்குகிறதாம். இடுப்பு மூட்டைச் சுற்றியும் கொழுப்பு. என்ன மருந்து கொடுத்தீர்கள் என்று கேட்டார். மாத்திரை அட்டையை நீட்டினேன். அது ஸ்டீராய்டு, அரிப்பை நிறுத்தியதும் அதுதான், காலை முடக்கியதும் அதுதான் என்றார்.

"சட்டுனு நிறுத்திராதீங்க. நான் சொல்லுத மாதிரி பையக் குறைக்கணும். சோத்தையும் குறைங்க. எந்திரிக்கும்னுதான் நெனைக்கேன்."

திரும்பி வரும்போது ஆட்டோவில் அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். வெட்கமாக இருந்தது. அது என் கையை நக்கியது இன்னும் மோசம்.

அதன்பிறகு அளந்து வைத்த சோறும் அவித்த சுரைக்காயும்தான். அது பார்க்கிற பார்வைக்குப் பயந்து நான் அடுக்களைக் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிட்டேன். டாக்டரம்மா சொன்னபடி, காலையில் ஆற்றுக்குத் தூக்கிப் போய், வயிற்றுக்கடியில் துண்டைக் கொடுத்துப் பிடித்துக்கொண்டு, ஆழமில்லாத தண்ணீரில் நடக்கவிட்டேன். முதலில் முன்னங்கால்கள் மட்டும் அசைந்தன. சில வாரங்களில் பின்னங்காலும் லேசாக உதைத்தது. மாத்திரையும் நின்று, உடம்பும் இளைத்த பிறகு ஒருநாள், துண்டிலிருந்து நழுவிக் கரைக்குப் போய், படித்துறையில் நான்கு படி தானே ஏறி நின்று உடம்பை உதறியது. நான் முழங்காலளவு தண்ணீரில் வெறுந்துண்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

திருச்செந்தூர்க் கடையில் மனுசக் கால்தான் இருந்தது.

"வலதா, இடதா அண்ணாச்சி?" என்று கேட்டார் கடைக்காரர்.

நேர்ந்தது ஒன்றுதான். நான் இரண்டு கேட்டேன்.

என் மனைவி தட்டில் கிடந்த வெள்ளித் தலை ஒன்றை எடுத்து என் கையில் வைத்தாள். "இதையும் சேத்து வாங்குங்க. ஒங்களுக்கு."

வாங்கினேன்.