இடக்கைக் கத்தி

பண்ணையில் அவளைக் கத்தியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பேர் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள். பதினேழு வருஷமாக ஒட்டுச்செடி வெட்டுகிறவள். அடிச்செடியில் சாய்வாக ஒரு சீவு, மேலே வைக்கிற குச்சியில் அதே சாய்வில் ஒரு சீவு, இரண்டையும் சேர்த்துப் பிடித்தால் நடுவில் காற்றுகூட நுழையாது. பக்கத்தில் இன்னொருத்தி உட்கார்ந்து டேப்பைச் சுற்றி இறுக்கிக் கட்டுவாள். வெட்டுகிறவளுக்கு முக்காலி, கட்டுகிறவளுக்குத் தரை. யார் போட்ட சட்டமோ, அந்தப் பண்ணையில் அப்படித்தான்.

கட்டுகிறவள் வேறு யாருமில்லை, அவளுடைய நாத்தனார்தான். ஒரே வீட்டில் முன்னறையில் இவள், பின்னறையில் அவள். காலையில் ஒரே பஸ், மதியம் ஒரே டிபன் கேரியர். அண்ணியும் நாத்தனாரும் இப்படி ஒட்டிக்கொண்டு திரிவதைப் பார்த்து, “உங்க ரெண்டு பேருக்கும் யாரு டேப் சுத்துனது?” என்று பண்ணையில் கேலி செய்வார்கள்.

கத்தியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சட்டைப் பையில் அடங்குகிற மடக்குக் கத்தி, மரப்பிடி. ஒட்டு வெட்டுகிற கத்தியை ஒரு பக்கம் மட்டும்தான் தீட்டுவார்கள், மறுபக்கம் தட்டையாக இருக்கும். கத்தியக்கா இடக்கைக்காரி. ஆகவே ஊரெல்லாம் தீட்டுகிற பக்கத்தை விட்டு மறுபக்கத்தைத் தீட்டி, வருஷக்கணக்காகக் கல்லில் உரசி உரசித் தன் கைக்குப் பழக்கி வைத்திருந்தாள். அதை வலக்கைக்காரர் எடுத்தால் குச்சி நேராகச் சீவாது, நடுவில் குழித்துவிடும். குழி விழுந்த ஒட்டு ஒட்டவே ஒட்டாது. இவள் பண்ணை ஸ்டோரில் கொடுக்கிற கத்தியை எடுத்தாலும் அதே கதிதான். புருஷனைக்கூடப் பழம் நறுக்க அந்தக் கத்தியைத் தொட விட்டதில்லை.

அது தொலைந்தது தாய்மரத் தோட்டத்தில். ஆரஞ்சு மரங்களில் ஒட்டுக்குக் குச்சி எடுக்கிற நாள். வெயில் சுள்ளென்று ஏறியிருந்தது. கத்தியை மடக்கித் தள்ளுவண்டியில் குச்சிக் கட்டுகளின் மேல் வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனாள். திரும்பி வந்தால் கத்தி இல்லை.

மூன்று நாள் தேடினாள். சருகைக் கிளறினாள், எருக்குவியலைச் சலித்தாள். சும்மா சொல்லக் கூடாது, நாத்தனாரும் கூடவே மண்டியிட்டுத் தேடினாள். முழங்கால் தோல் உரிகிற அளவுக்குத் தேடினாள். “எங்க போயிடப் போகுது அண்ணி, கெடச்சிடும்” என்று தன் முந்தானையால் இவள் கண்ணைத் துடைத்துவிட்டாள். மூன்றாம் நாள் காதோடு காதாக, “அந்தக் குழாய்க்காரர் அன்னைக்கு வண்டிப் பக்கமாத்தான் போனாரு” என்று ஒரு வார்த்தை போட்டதும் அவள்தான்.

குழாய்க்காரர் செடிகளுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறவர், வாய் செத்த மனுஷர். கத்தியக்கா பத்துப் பேர் நடுவில் அவர் முன்னால் போய் நின்றாள்.

“பையில என்ன இருக்குன்னு காட்டுங்க.”

அவர் இரண்டு பைகளையும் வெளியே இழுத்துக் காட்டினார். ஒரு கைக்குட்டை, குழாய்க்குப் போடுகிற இரண்டு ரப்பர் வளையம். அவ்வளவுதான். அன்றிலிருந்து அவர் இவள் இருக்கும் பக்கம் முகத்தைத் திருப்புவதில்லை.

ஸ்டோர் கத்தியைக் கொடுத்தார்கள். இரண்டு நாள் வெட்டிப் பார்த்துவிட்டு அவளே சூப்பர்வைசரிடம் போனாள். “சார், இதுல என் வெட்டு குழியுது. இப்படிக் கட்டுனா எல்லாம் காஞ்சிடும். புதுசு ஒண்ணத் தீட்டிப் பழக்குற வரைக்கும் என்ன விட்டுடுங்க.” வேறொருத்தியாக இருந்தால் வாயைத் திறந்திருக்க மாட்டாள். சூப்பர்வைசர் அவளைத் தொட்டியில் மண் நிரப்புகிற வேலைக்கு அனுப்பினார். முக்காலியில் நாத்தனார் உட்கார்ந்தாள். இவ்வளவு வருஷம் பக்கத்திலேயே இருந்து பார்த்தவள், அவளுக்குத் தெரியாதா என்று இவளேதான் சிபாரிசும் செய்தாள்.

ஒரு மாதம் கழிந்தது. நாத்தனார் வெட்டிய ஒட்டுகள் ஒவ்வொன்றாகக் காய ஆரம்பித்தன. நிழல்வலைக்கு அடியில் வரிசை வரிசையாகக் குச்சிகள் கறுத்து நின்றன. சூப்பர்வைசர் தலையைச் சொறிந்துகொண்டு வந்தார்.

“டேப் சரியில்லையா, நோயா, ஒண்ணும் புரியல. நீங்க கொஞ்சம் பாருங்க.”

கத்தியக்கா மண் கையைத் துடைத்துக்கொண்டு போய் ஒரு செடியின் டேப்பைப் பிரித்தாள். குச்சி தானாகக் கையோடு வந்தது. திருப்பிப் பார்த்தாள். நடுவில் குழி. இன்னொன்றைப் பிரித்தாள். அதே குழி, அதே இடத்தில். எட்டுச் செடியைப் பிரித்து, குச்சிகளைத் தரையில் வரிசையாக வைத்துப் பார்த்தாள். நாத்தனார் வலக்கைக்காரி. ஸ்டோர் கத்திகள் எல்லாம் வலக்கைக் கத்திகள். அவற்றால் வெட்டினால் இந்தக் குழி எப்படி விழும்? வலக்கையில் எடுத்தால் குழிக்கிற கத்தி அந்தப் பண்ணையிலேயே ஒன்றே ஒன்றுதான்.

ஐயோ, என்று வாய்விட்டே சொன்னாள். “என்னாச்சு?” என்றார் சூப்பர்வைசர். “பாத்துச் சொல்றேன் சார்” என்று அனுப்பிவிட்டு நேரே முக்காலியிடம் போனாள்.

நாத்தனாருக்குக் கட்டிக்கொடுக்கிற புதுப் பெண் சாப்பிடப் போயிருந்தாள். நாத்தனார் ஸ்டோர் கத்தியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கத்தியக்கா அவள் காலடியில், கட்டுகிறவளின் இடத்தில் உட்கார்ந்து டேப்பைக் கையில் எடுத்தாள்.

“வெட்டு. நான் கட்டுறேன்.”

“என்ன அண்ணி, வெளையாடுறீங்களா?” என்று சிரித்துக்கொண்டே நாத்தனார் ஒரு குச்சியைச் சீவினாள். ஸ்டோர் கத்தியில் சீவு கண்ணாடி மாதிரி நேராக வந்தது. நல்ல கைதான் அவளுக்கு.

“இதால இல்ல. அங்க காஞ்சு நிக்குதே, அதையெல்லாம் எதால வெட்டுன? அத எடு.”

நாத்தனாரின் சிரிப்பு அடங்கியது. பிறகு இடுப்புப் பையைத் திறந்து ஒரு துணிச் சுருளை எடுத்தாள். உள்ளே கத்தி. பிடியில் கட்டைவிரல் தேய்த்த பள்ளம் அப்படியே இருந்தது.

“முக்காலியில உக்காரணும்னு எனக்கு ஆசை அண்ணி. ஒரு வாட்டி கேட்டேன், ‘உனக்குக் கட்டத்தான் கை வரும்’னு சிரிச்சீங்க. இந்தக் கத்தி இருந்தா உங்க கை எனக்கு வந்துடும்னு நெனச்சேன். குழி விழுந்தாலும் பழகப் பழகச் சரியாயிடும்னு, யாரும் பாக்காதப்பல்லாம் இதாலதான் வெட்டுவேன்.”

அப்படிச் சொன்னது கத்தியக்காவுக்கு நினைவிருந்தது. சிரித்ததும் நினைவிருந்தது. ஆனால் அதற்காக இப்படியா? இன்னொரு தரம் அழுத்திக் கேட்டிருந்தால் சூப்பர்வைசரிடம் சண்டை போட்டாவது முக்காலியை வாங்கிக் கொடுத்திருப்பாளே. எடுத்ததைக்கூட மன்னித்துவிடலாம். மன்னிக்க முடியாதது வேறொன்று.

“மூணு நாள் என்கூட மண்டி போட்டுத் தேடினியே. என் கண்ணத் தொடச்சு விட்டியே. அப்ப இது எங்க இருந்துச்சு?”

நாத்தனார் தலை நிமிரவில்லை.

“இடுப்புல அண்ணி.”

கத்தியக்கா கையில் இருந்த டேப்பைக் கீழே வைத்தாள். கத்தியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள். சாயங்காலம் அதே பஸ்ஸில் ஏற வேண்டும், அதே வீட்டில் இறங்க வேண்டும். அதை நினைத்தபோதுதான் அழுகை வந்தது.

முகத்தைக் கழுவிக்கொண்டு தொட்டிப் பக்கம் போனாள். குழாய்க்காரர் வழக்கம்போல முகத்தைத் திருப்பிக்கொண்டார். இவள் நகரவில்லை.

“அண்ணே, உங்க பையத் திருப்பச் சொன்னது என் புத்திகெட்டதனம். மன்னிச்சிடுங்க.”

அவர் இவள் பக்கம் முகத்தைத் திருப்பினார். பிறகு குழாயை மூடினார்.

“கத்தி கெடச்சுதாம்மா?”

“கெடச்சுது.”

“எங்க இருந்துச்சு?”

“நான் தேடுன எடத்துல எல்லாம் என்கூடவே இருந்துச்சுண்ணே.”