தீட்டு என்று நினைத்த ரத்தம்

மூணு வருஷத்துக்கு முன்னால், ஒரு மார்கழி மாசம். அரியலூர் பக்கம் எங்கள் கிராமம். பிரதோஷம் தவறாமல் சிவன் கோயிலுக்குப் போகிறவள் நான். அந்த வருஷம் ஐப்பசியிலிருந்து போகவில்லை.

காரணத்தைச் சொல்லக் கூச்சம். மாதவிலக்கு நின்று எட்டு வருஷம் ஆன எனக்கு மறுபடி ரத்தம் பட்டது. தீட்டுத்தான் திரும்பி வந்துவிட்டது என்று நினைத்தேன். ரெண்டு நாள் படும், நின்றுவிடும், பத்து நாள் கழித்து மறுபடி வரும். வலியே கிடையாது. வீட்டு விளக்கைக்கூடத் தொடாமல் மருமகளை ஏற்றச் சொன்னேன். கேட்டவர்களிடமெல்லாம் முட்டி வலி என்று சமாளித்தேன்.

கோயில் வாசலில் பூ விற்கும் அக்கா ஒருநாள் வீட்டுக்கே வந்துவிட்டார். கையில் வில்வமும் ஒரு முழம் பூவும். நான் வாங்காமல் தள்ளி நின்று, வீட்டுக்குத் தூரம் என்றேன். அவருக்குச் சிரிப்பு.

"ஏம்மா, பேத்தி பள்ளிக்கூடம் போவுது, உனக்கு இப்பத்தான் தூரமா?"

சிரித்தவர் பக்கத்தில் வந்து, சும்மா இருக்கும்போதும் படுகிறதா, ஒண்ணுக்குப் போகும்போது மட்டுமா என்று மெதுவாகக் கேட்டார். யோசித்துப் பார்த்தேன். ஒண்ணுக்குப் போகும்போது மட்டும்தான். அவர் முகம் மாறிவிட்டது.

"எங்க வூட்டுக்காரருக்கும் இப்படித்தாம்மா. சூடுன்னு இளநீரா குடிச்சே நாளை ஓட்டிட்டாரு, போய்ச் சேர்ந்துட்டாரு. நாளைக்குக் காலையில கிளம்பி நில்லு."

மறுநாள் வியாபாரத்தை விட்டுவிட்டு என்னைப் பெரம்பலூருக்கு பஸ்ஸில் கூட்டிப் போனார். ஸ்கேன் எடுத்து, குழாய் விட்டும் பார்த்தார்கள். சிறுநீர்ப்பையில் புற்றுநோய்க் கட்டி. பீடி, சிகரெட் உண்டா, சாயப்பட்டறை வேலை பார்த்தீர்களா என்று டாக்டரம்மா கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒரு பாவமும் அறியாத எனக்கு ஏன் என்றேன். புகைப்பவர்களுக்கும் ஆண்களுக்கும் வயதானவர்களுக்கும் அதிகம் வரும், எந்தப் பழக்கமும் இல்லாதவர்களுக்கும் வரும், இதில் பாவம் ஒன்றுமில்லை என்று என் கையைப் பிடித்துச் சொன்னார். பெண்கள் பலர் என்னைப் போலத் தப்பாக நினைத்து முற்றவிட்டு வருகிறார்களாம். மாதவிலக்கு நின்றபிறகு எங்கிருந்து ரத்தம் வந்தாலும் உடனே காட்டவேண்டுமாம்.

எனக்கு முற்றவில்லை. ஆபரேஷனுக்கு முதல்நாள், இத்தனை நாள் சாமியை விட்டு விலகி நின்றேனே என்று புலம்பினேன். அக்கா என் தலையைக் கோதிவிட்டார்.

"எந்த ரத்தம் எதுன்னு சாமிக்குத் தெரியாதா? உனக்குத்தான் தெரியல."

கட்டியை எடுத்து, பைக்குள் மருந்தும் விட்டார்கள். இன்னும் சொன்ன தேதிக்குப் போய்ப் பார்த்துக்கொள்கிறேன்.

இப்போதெல்லாம் என் வயதுப் பெண் யாராவது ரெண்டு பிரதோஷம் கோயிலுக்கு வராவிட்டால், கூச்சப்படாமல் வீட்டுக்கே போய் என்னவென்று கேட்டுவிடுகிறேன். சாமி கொடுத்த இந்த உயிருக்கு நான் செய்யும் பூஜை அதுதான்.