தானாகத் திரும்பி வந்தவள்

எங்கள் ஊரில் வெளிநாடு என்றால் ஐந்தாறு நாடுகள்தான். கனடா, சுவிஸ், பிரான்ஸ், நோர்வே, அவுஸ்திரேலியா, லண்டன். லண்டன் ஒரு நாடுதான், அதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. ஊர்ப் பிள்ளை ஒன்றாவது போய்க் குடியிருந்தால்தான் அது நாடு. ஆகவே முதுகில் ஒரு பையைப் போட்டுக்கொண்டு ஏழு மாதம் நாடு நாடாகச் சுற்றப்போகிறேன் என்று நான் சொன்னபோது, பக்கத்து வளவு மாமி வேலியடியில் நின்று யோசித்துவிட்டுக் கேட்டார்.

"முதல் எங்க போறாய்?"

"இந்தியாவுக்குப் போய், அப்பிடியே நேபாளம்."

"நேபாளத்தில ஆர் இருக்கினம்?"

"ஒருத்தரும் இல்லை மாமி."

"அப்ப என்னத்துக்குப் போறாய்?"

"பார்க்கத்தான்."

"அதுதானே கேக்கிறன், ஆரைப் பார்க்க?"

அதற்குமேல் அந்தக் கதை நகரவில்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு எப்போதும் சிரிக்கக்கூடாத இடத்தில்தான் சிரிப்பு வரும். மாமி கோபித்துக்கொண்டு போய்விட்டார்.

நான் கிளிநொச்சிக்குப் பக்கத்தில் உருத்திரபுரத்தில் இருப்பவள். விஞ்ஞானம் படிப்பிக்கும் ஆசிரியை. வயது நாற்பத்தொன்று. கலியாணம் செய்யவில்லை. அதைப் பற்றிக் கதைத்துக் கதைத்து ஊர் களைத்துவிட்டது. வீட்டில் அம்மாவும் நானும், மூன்று ஏக்கர் வயலும், இரண்டு மாடுகளும். தம்பி ஒருவன் இருக்கிறான். பத்தொன்பது வயதில் ஏஜென்சிக்காரன் ஒருவனை நம்பி வெளிநாட்டுக்குப் போனவன். பதினாறு வருடமாகிறது. இப்போது அவனிடம் அகதிக் கடவுச்சீட்டு இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு எத்தனையோ நாட்டுக்குப் போகலாம், எங்கள் நாட்டுக்கு மட்டும் வரமுடியாது. திருச்சிக்கு வாங்கோ, நானும் வாறன், அங்கே சந்திப்பம் என்று மூன்று முறை அம்மாவைக் கூப்பிட்டான். ஊரில் பலர் அப்படித்தான் பிள்ளைகளைப் போய்ப் பார்க்கிறார்கள். அம்மா மாட்டேன் என்றுவிட்டார்.

"கடல் தாண்டினவை ஒருத்தரும் திரும்பி வாறேல்லை பிள்ளை. நானும் போய் அங்கினை நிண்டிட்டன் எண்டா?"

"இரண்டு கிழமைதானே அம்மா."

"அவனும் ரண்டு வருசம் எண்டுதான் போனவன்."

அம்மாவின் சொந்தத் தம்பி போனார், வரவில்லை. அம்மாவின் அக்காவுடைய பிள்ளைகள் இரண்டு பேர் போனார்கள், வரவில்லை. பிறகு என் தம்பி. அம்மா கண்ணால் கண்டது அவ்வளவும்தான், அதில் ஒரு பிழையும் இல்லை. அதனால்தான் நான் போகிறேன் என்றதும் அவர் தடுக்கவில்லை, அழவில்லை. என் பள்ளிக்கூடச் சேலைகளை மடித்துப் பூச்சி உருண்டை போட்டு அலுமாரியின் மேல்தட்டில் அடுக்கத் தொடங்கினார். நான் இன்னும் வீட்டில்தான் இருந்தேன்.

"அம்மா, விதைப்புக்கு முதல் வந்திடுவன்."

"பார்ப்பம்" என்றார்.

சம்பளமற்ற விடுமுறைக்கு விண்ணப்பம் கொடுக்கக் கல்வி அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த அலுவலர் படிவத்தைப் பார்த்து, எந்த நாட்டில் என்ன வேலை என்று கேட்டார். வேலை இல்லை, சுற்றிப் பார்க்க என்றேன். அவர் பேனையைக் கீழே வைத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "என்னட்டைச் சொல்லலாம் டீச்சர். நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்."

சுமை தூக்கிப் பழகுவதற்காகப் பையில் எட்டுக் கிலோ அரிசியைக் கட்டிக்கொண்டு பின்னேரங்களில் வாய்க்கால் கரையால் நடந்தேன். எதிரே வந்தவர்கள் ஒவ்வொருவரும் சைக்கிளை நிறுத்தி, கொண்டுபோய் விடட்டோ என்று கேட்டார்கள். வேண்டாம் என்று நடந்து, அதே அரிசியோடு திரும்பி வந்தால், பாவம், விற்கக் கொண்டுபோன அரிசியை எந்தக் கடையும் எடுக்கவில்லைப்போல என்று நினைத்தார்கள். கடைசி நாள் மாமி கோபத்தை மறந்து அரைக்கிலோ மிளகாய்த்தூளோடு வந்தார். கனடாவில் இருக்கும் மகளுக்காம். நான் கனடாவுக்குப் போகவில்லை என்றேன். "உலகம் சுத்தேக்குள்ள எப்பிடியும் அதுவும் வரும்தானே" என்று பையின் பக்கப் பொக்கற்றில் செருகிவிட்டார்.

உண்மையில் நான் சுற்றியது உலகம் அல்ல. எங்கள் கடவுச்சீட்டு விட்ட அளவு உலகம். காங்கேசன்துறையில் கப்பல் ஏறி, அலையாட்டத்தில் சத்தியெடுத்துக்கொண்டே சிரித்து, நாகப்பட்டினத்தில் இறங்கினேன். பிறகு முன்பதிவு இல்லாத பெட்டிகளில் ரயில், பஸ், மறுபடி ரயில். நேபாளத்தில் நான்கு நாள் மலை ஏறி ஐந்தாம் நாள் பனியைக் கண்டேன். பதினைந்து வருடமாக நான் பிள்ளைகளுக்கு உறைநிலை படிப்பிக்கிறேன். பனிக்கட்டியின் அமைப்பைக் கரும்பலகையில் கண்ணை மூடிக்கொண்டு கீறுவேன். அன்றுதான் முதன்முதலாகப் பனியைக் கையில் அள்ளினேன். அள்ளி வாயில் போட்டேன். பிறகு கழுத்துக்குள் போட்டேன். நாற்பத்தொரு வயதுப் பெண் ஒருத்தி மலைச் சரிவில் நின்று துள்ளுவதைப் பார்த்து, கூட வந்த வழிகாட்டி தலைவலியா என்று கேட்டார். உயரத்தில் சிலருக்கு மூளை குழம்புமாம்.

செலவு குறைவான விடுதிகளில் பன்னிரண்டு பேர் ஓர் அறையில் படுப்போம். எல்லாம் இருபது, இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகள். அவர்கள் பை அடுக்க முக்கால் மணித்தியாலம் எடுத்தார்கள். நான் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டுக் கட்டிலில் இருந்து கால் ஆட்டுவேன். இவ்வளவு வேகமாக அடுக்க எங்கே பழகினீர்கள் என்று ஒரு ஜெர்மன்காரன் கேட்டான். ஊரில் என்றேன். சண்டைக்காலத்தில் இடம்பெயர்ந்து ஓடிய வன்னியில் என் வயதுக்காரர் எல்லாருக்கும் அது தெரியும், நாங்கள் அதைப் பயணம் என்று சொன்னதில்லை. அவனுக்கு அன்று மாமியின் மிளகாய்த்தூள் போட்டு முட்டைக்குழம்பு வைத்துக் கொடுத்தேன். கண்ணீர் வழிய வழிய மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டான். கனடாவுக்குப் போகவேண்டிய தூள் அப்படித்தான் முடிந்தது. மாமிக்கு இன்னும் தெரியாது.

லாவோஸில் ஒரு வீட்டில் வயல் வேலை செய்தால் படுக்கையும் சாப்பாடும் இலவசம் என்றார்கள். எனக்குச் சந்தோசத்தில் தலைகால் புரியவில்லை. நான் நெல் விளையும் ஊர்க்காரி, வயலில் பிறந்து வளர்ந்தவள் என்று கையைக் காட்டியும் படத்தைக் காட்டியும் அளந்துவிட்டேன். மறுநாள் காலை என் கையில் நாற்றுக் கட்டு ஒன்றைத் தந்து வரிசையில் நிற்கவிட்டார்கள். அப்போதுதான் விளங்கியது. எங்கள் பக்கம் நெல்லை வீசி விதைப்பதுதான் வழக்கம். நாற்று நட்டதே இல்லை. மற்றப் பெண்கள் பின்னுக்கு நடந்துகொண்டே சரசரவென்று நட்டுப் போனார்கள். நான் மூன்று நாற்று நட்டு, நாலாவதற்குக் காலை எடுத்து, சேற்றுக்குள் தொப்பென்று இருந்துவிட்டேன். எழும்பினேன், மறுபடி இருந்தேன். என் நாற்றுகள் ஒவ்வொன்றாக மிதந்து வந்தன. வீட்டுக்காரப் பெண் வரம்பில் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நானும் சேற்றுக்குள் இருந்தபடி சிரித்தேன். அந்தக் கோலத்திலேயே அம்மாவுக்கு வீடியோ அழைப்பு எடுத்தேன்.

அம்மா திரையை உற்றுப் பார்த்தார். "வயலும் எருமையும்தானே. இதைப் பார்க்கவோ காசு குடுத்துப் போனனீ?" என்றார். பிறகு, "தண்ணி கூடிப்போச்சு. வடிக்கச் சொல்லு அவையளை" என்றார்.

அம்மா எல்லாம் கேட்பார். என்ன சாப்பிட்டாய், எங்கே படுத்தாய், காய்ச்சல் இல்லையே. எப்போது வருகிறாய் என்று மட்டும் கேட்கவே மாட்டார். தம்பியிடம் அதைக் கேட்டுக் கேட்டு ஒரு நாள் நிறுத்தியவர் அவர். என்னிடம் தொடங்கவே இல்லை. எவ்வளவு சிரித்தாலும் தொலைபேசியை வைத்ததும் எனக்கு அது உறுத்தும்.

தாய்லாந்தின் தெற்கிலிருந்து மலேசியாவுக்குள் நுழையும் எல்லையில் என்னை வரிசையிலிருந்து தனியே கூப்பிட்டார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரி தமிழர். விசாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கடவுச்சீட்டில் குத்தியிருந்த முத்திரைகளைப் பார்த்தார்.

"எதுக்கு வந்தீங்க?"

"சுத்திப் பார்க்க."

"ஏழு மாசமாவா? வீட்ல யாரு இருக்காங்க?"

"அம்மா."

"போன் போடுங்க. நான் பேசறேன்."

ஸ்பீக்கரில் போட்டுக் கொடுத்தேன். முதலில் மாடு கத்தியது. பிறகு அம்மா.

"வணக்கம்மா. இமிகிரேஷன்லேருந்து பேசறேன். உங்க மக ஊருக்குத் திரும்பி வந்துருவாங்களாம்மா?"

"பிள்ளைக்கு என்ன?"

"ஒண்ணும் இல்லம்மா. திரும்பி வருவாங்களான்னு கேக்கறேன். அவ்வளவுதான்."

ஓம், வருவாள் என்ற ஒரு சொல் போதும். நான் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டு மூச்சை அடக்கி நின்றேன்.

"வருவன் எண்டு சொல்லிப்போட்டுத்தான் போனவள்" என்றார் அம்மா. "என்ரை பெடியனும் அப்பிடித்தான் சொன்னவன். நான் என்னத்தைச் சொல்ல?"

அதிகாரி கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். எனக்குப் பயத்தில் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க அடக்கக் கூடியது. அவர் என்னைக் கவனிக்காமல், "சாப்பிட்டீங்களாம்மா?" என்று கேட்டார். அம்மா இன்னும் இல்லை என்றார், மாட்டைக் கட்டிவிட்டுத்தான் என்றார். இருவரும் மாட்டைப் பற்றிக் கொஞ்ச நேரம் கதைத்தார்கள். பிறகு அவர் முத்திரையைக் குத்தி என் பக்கம் தள்ளினார்.

"உங்கம்மாவுக்குப் பொய் சொல்ல வரல. அந்த வீட்டுப் பொண்ணுன்னுதான் விடறேன். பதினஞ்சு நாள். அதுக்குள்ள போய் அந்தம்மா முன்னால நில்லுங்க."

வெளியே ஒரு மரவாங்கில் குந்தியிருந்து சிரித்தேன். சிரித்து முடிய அழுகை வந்தது. அம்மா மேல் கோபம் வந்தது. பிறகு தம்பி மேல் வந்தது. அவனும் வேண்டுமென்று செய்யவில்லை. ஆறாம் நாள் கொழும்புக்கு மிக மலிவான ரிக்கற்றை வாங்கிவிட்டேன். விதைப்புக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது.

கிளிநொச்சியில் பஸ்ஸால் இறங்கி ஓட்டோ பிடித்து வந்தபோது அம்மா கிணற்றடியில் வாளியோடு நின்றார். என்னைக் கண்டு வாளியைக் கீழே வைத்தார். எனக்குப் பின்னால் வாசல் படலைவரை எட்டிப் பார்த்தார்.

"ஒருத்தரும் கொண்டுவந்து விடேல்லையே?"

"இல்லை அம்மா. நானாத்தான் வந்தனான்."

"கறுத்துப்போனாய்" என்று என் கன்னத்தைத் தொட்டார். பிறகு மாட்டுக்குத் தண்ணீர் வைக்கப் போய்விட்டார்.

அன்று பின்னேரமே ஊர் வரத் தொடங்கியது. சுகமில்லாத வீட்டுக்கு வருவதுபோல் பிஸ்கற் பெட்டிகளோடு வந்தார்கள். குரலைத் தாழ்த்திக் கதைத்தார்கள். மாமி என் கையைப் பிடித்துக்கொண்டு, "பிடிச்சு அனுப்பிப்போட்டாங்களோ பிள்ளை?" என்றார். எங்கள் வயலுக்கு உழவு மெசின் விடும் அண்ணை, "கவலைப்படாதையுங்கோ டீச்சர். அடுத்தமுறை வேற ஏஜென்சியாலை போகலாம்" என்றார். நான் உண்மையைச் சொல்லச் சொல்ல அவர்களுக்கு என் மேல் இரக்கம் கூடியது. சிரித்தேன், அதிர்ச்சியில் சிரிக்கிறாள் என்றார்கள்.

முதல் நாள் அம்மா வந்தவர்களுக்குத் தேத்தண்ணி மட்டும் ஊற்றிக் கொடுத்தார். இரண்டாம் நாள் குசினிக்குள் அடுப்படியில் இருந்தபடியே, "அவளை ஒருத்தரும் அனுப்பேல்லை. தானா வந்தவள்" என்றார். மூன்றாம் நாள் படலையடியில் போய் நின்றுவிட்டார். வந்தவர்களை உள்ளே விடமுதலே அதைச் சொன்னார். மாமி விடவில்லை.

"தானா ஆராவது வருவினமே?"

"வரலாமாம்" என்றார் அம்மா. "இவள் எத்தினை நாட்டுக்குப் போட்டு வந்திருக்கிறாள், பாஸ்போட்டைப் பாரும்." என் கடவுச்சீட்டு அவரது சேலைத் தலைப்பில் முடிந்திருந்தது. அவிழ்த்து ஒவ்வொரு பக்கமாகக் காட்டினார். பிஸ்கற் பெட்டிகள் வருவது அதோடு நின்றது.

விதைப்பு முடிந்து, வரம்பில் இருந்து புட்டும் சம்பலும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அம்மா வயலைப் பார்த்தபடி, திருச்சிக்கு எத்தனை மணித்தியாலம் என்று கேட்டார். பிளேனில் ஒரு மணித்தியாலம் என்றேன். கையைக் கழுவிவிட்டு, என் தொலைபேசியை வாங்கித் தானே தம்பியை அழைத்தார்.

"தம்பி, நான் வாறன்" என்றார். "ஆனா என்னை அங்க மறிக்கப்படாது, சொல்லிப்போட்டன். எனக்கு மாடு நிக்குது."

அந்தப் பக்கத்தில் சத்தமே இல்லை. லைன் அறுந்துபோச்சோ என்று என்னைப் பார்த்தார். அறுந்திருக்கவில்லை. தம்பி அழுதுகொண்டிருந்தான்.

கடவுச்சீட்டுப் படம் எடுக்கக் கிளிநொச்சியில் ஒரு ஸ்ரூடியோவுக்குக் கூட்டிப்போனேன். அம்மா நல்ல சேலை உடுத்து, முகத்துக்குப் பவுடர் போட்டுக் கதிரையில் நிமிர்ந்து இருந்தார். "சிரிக்கப்படாது அம்மா, வாயை மூடுங்கோ" என்றார் படம் எடுப்பவர். மூடினார். கமரா கிளிக் என்றதும் சிரித்துவிட்டார். நான்கு தரம் அப்படியே ஆனது. என்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார் என்று நான் வெளியே போய்க் கதவடியில் நின்றேன். எனக்கும் சிரிப்பு நிற்கவில்லை.

"எங்க அம்மா போறியள், கனடாவோ?" என்று கேட்டார் படம் எடுப்பவர், அம்மாவின் மனதை வேறு பக்கம் திருப்பலாம் என்று நினைத்திருப்பார்.

"திருச்சிக்கு. மகனைப் பார்க்க. ரண்டு கிழமையில திரும்பி வந்திடுவன்."

"எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுறவை."

"இல்லைத் தம்பி, வரலாம்" என்றார் அம்மா. "அந்தா வாசல்ல நிக்கிறாள், கேட்டுப்பாரும்."

ஐந்தாவது படமும் சிரிப்பில் பிழையாகிப்போனது.