எண்ணூற்றுப் பன்னிரண்டு

இந்த வருஷம் பொங்கல் முடிந்த கையோடு என் மனைவி ஜெயராணி மிளகாய் அரைக்கும் மிஷின் ஒன்றுக்கு விலை விசாரித்துவிட்டு வந்தாள்.

மிளகாய்ப் பொடி, மல்லிப் பொடி, குழம்புப் பொடி என்று பதினேழு வருஷமாக வீட்டிலேயே தயாரித்து நாகல் நகர் முழுக்க விற்கிறாள். அரைப்பதற்கு மட்டும் இரண்டு தெரு தள்ளியிருக்கும் மாவு மில்லுக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். முழங்கால் ஒத்துழைக்கவில்லை. சொந்தமாக மிஷின் போட்டுவிடலாம், மூன்று லட்சம் லோன் கிடைத்தால் போதும் என்றாள்.

இரண்டு பேருமாகப் பேங்குக்குப் போனோம். மேனேஜர் சின்ன வயசுப் பெண். ஜெயாவின் பான் நம்பரைக் கம்ப்யூட்டரில் தட்டினார். பார்த்தார். திரும்பவும் பார்த்தார்.

"அம்மா, உங்களுக்கு கிரெடிட் ஸ்கோரே இல்லையே…"

"நான் யார்ட்டயும் கடன் வாங்குனதே இல்லைங்க மேடம்" — ஜெயா பெருமையாகத்தான் சொன்னாள்.

"அதான்மா பிரச்சினையே. கடன் வாங்கி ஒழுங்காக் கட்டுனாத்தான் மார்க்கு ஏறும். முந்நூறுல இருந்து தொள்ளாயிரம் வரைக்கும் போகும். வாங்கவே இல்லன்னா நீங்க எப்படிக் கட்டுவீங்கன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்? சரி, இன்கம் டாக்ஸ் ரிட்டனாவது இருக்கா?"

அதுவும் இல்லை. வரி கட்டுகிற அளவுக்கு வருமானம் இல்லையே, எதற்கு ரிட்டன்? அப்படிச் சொல்லி வைத்திருந்தது யார்? அடியேன்தான்.

"சாரோட ஸ்கோரைப் பாப்போமா?"

என் பான் கார்டை நீட்டினேன். மேனேஜரின் முகம் மலர்ந்தது.

"எண்ணூத்திப் பன்னெண்டு! வீட்டுக் கடன், பைக் கடன், கிரெடிட் கார்டு… ஒண்ணுகூடத் தள்ளிப் போகாமக் கட்டியிருக்கீங்க சார். உங்க பேர்லயே லோன் போட்டுக்கலாமே?"

பள்ளிக்கூடத்தில்கூட என்னை யாரும் இப்படிப் பாராட்டியதில்லை. பெருமையோடு ஜெயாவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். ஆட்டோ பிடித்து வீடு வந்து சேர்ந்தோம்.

வந்ததும் ஸ்டூல் போட்டு ஏறி, பரணிலிருந்து ஒரு கம்பியை இறக்கினாள். அதில் குத்திக் கோத்திருந்தவை பேங்குச் சலான்களின் பாதிச் சீட்டுகள். எங்கள் வீட்டுக் கடன் பன்னிரண்டு வருஷம். மாதம் ஒன்று.

"எதுலயாச்சும் ஒங்க கையெழுத்து இருக்கான்னு பாருங்க."

ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தேன். மேலே என் பெயர், என் கடன் நம்பர். அடியில் பணம் கட்டுபவர் கையொப்பம் என்ற இடத்தில்… ஜெயராணி, ஜெயராணி, ஜெயராணி. நீல மை, கறுப்பு மை, ஒரு வருஷம் முழுக்கப் பச்சை மை.

நான் அப்போது வேடசந்தூர் ரோட்டில் ஒரு நூல் மில் ஆபீசில் வேலை பார்த்தேன். காலை ஆறரைக்கு மில் பஸ். திரும்பும்போது இருட்டிவிடும். பேங்கு திறந்திருக்கும் நேரத்தை நான் பார்த்ததே கிடையாது. மாதம் பிறந்து ஐந்தாம் தேதியானால் ஜெயாதான் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, குடையைப் பிடித்துக்கொண்டு கிளம்புவாள். வரிசையில் நின்று, கட்டிவிட்டு, வரும் வழியில் ஒரு சீப்பு சிறுமலை வாழைப்பழம் வாங்குவாள்.

ராத்திரி நான் வீட்டுக்குள் நுழையும்போது அந்தப் பழ வாசனை வந்தால், அந்த மாதத் தவணை கட்டியாயிற்று என்று அர்த்தம். நான் கேட்டதில்லை. அவள் சொன்னதில்லை. பழத்தை உரித்துக்கொண்டே மூன்று பேரும் பூசாத செங்கல் சுவருக்கு என்ன வண்ணம் அடிக்கலாம் என்று பேசிக்கொண்டிருப்போம். என்ன சந்தோஷமான ஐந்தாம் தேதிகள் அவை!

ஒரு தடவை மில்லைப் பூட்டிவிட்டார்கள். நான்கு மாதம் சம்பளமே இல்லை. ஐந்தாம் தேதி வருகிறதே என்று நான் வெளியிலேயே சுற்றிவிட்டு, தயங்கித் தயங்கி வீட்டுக்குள் நுழைந்தால்… பழ வாசனை! எப்படி என்று கேட்கிற தைரியம்கூட எனக்கு இல்லை. மறுநாள் மொட்டை மாடிக்குப் போனபோதுதான் தெரிந்தது. மாடி முழுக்க மிளகாய் காய்ந்துகொண்டிருந்தது. பொடியாக்கி, நூறு நூறு கிராமாகப் பாக்கெட் போட்டு, அக்கம்பக்கத்தில் விற்று, தவணையைக் கட்டியிருக்கிறாள். வியாபாரம் தொடங்கியதே அப்படித்தான்.

இத்தனையும் அந்த எண்ணூற்றுப் பன்னிரண்டுக்குள் இருக்கிறது. என் பெயரில்.

"லோனை என் பேர்லயே போட்ருவோம் ஜெயா, சீக்கிரம் முடிஞ்சிரும்" என்றேன்.

"வேணாம். மிஷினு என் பேர்லதான் வரணும். எம்புட்டு நாளானாலும் சரி."

மேனேஜர்தான் வழி சொன்னார். பொடி விற்று அவள் சேர்த்த சேமிப்பை டெபாசிட்டாகப் போட்டு, அதை ஈடாக வைத்து அவள் பெயரில் ஒரு கிரெடிட் கார்டு வாங்கினோம். மிளகாய், மல்லி வாங்குவதற்கு மட்டும் அதைத் தேய்ப்பாள். கடைசித் தேதிக்கு முன்னால் பில்லை முழுசாகக் கட்டிவிடுவாள். குறைந்தபட்சத் தொகை கட்டினால் போதும் என்று பில்லிலேயே போட்டிருப்பார்கள்… நம்பாதீர்கள். மீதிக்கு வட்டி ஓடும்.

ஜூலையில் ஆடிட்டரிடம் போய் அவளுடைய முதல் ரிட்டனைத் தாக்கல் செய்தோம். வரி ஒரு ரூபாய்கூட இல்லை. ஆனால், இவ்வளவு சம்பாதிக்கிறேன் என்று சொல்ல அவள் கையில் ஒரு காகிதம் வந்துவிட்டது அல்லவா?

அங்கேதான் இன்னொரு சேதி தெரிந்தது. நான் ரிட்டயர் ஆனபோது வந்த பணத்தில் கொஞ்சத்தை அவள் பெயரில் டெபாசிட் போட்டிருந்தேன். அதன் வட்டி சட்டப்படி என் வருமானத்தில்தான் சேருமாம். பெயர் மாற்றிப் போட்டாலும் வரி மாறாது!

ஜெயா நிதானமாகச் சொன்னாள்: "என் பேர்ல இருக்கறது என்னுது இல்ல. என்னுது அம்புட்டும் ஒங்க பேர்ல இருக்கு. நல்லாருக்குங்க கணக்கு!"

ஆடிட்டர் இருமினார்.

இதற்கு நடுவில் என் கதை வேறு. அவள் கார்டு வந்த அன்றைக்கே, "இனிமே ஒங்க கார்டை நீங்களே பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டாள். அதுவரை மாதாமாதம் எனக்கு ஞாபகப்படுத்தியது யார் என்று அப்புறம்தான் புரிந்தது. ஆயிரத்துச் சொச்சம் ரூபாய் பில்… சின்னத் தொகைதானே என்று இரண்டு மாதம் மறந்துவிட்டேன். தொகை சின்னதா பெரியதா என்பதில்லை சமாசாரம். தள்ளிப்போனதா இல்லையா என்பதுதான்.

போன வாரம் மறுபடி பேங்கு. அதே மேனேஜர். ஜெயாவுக்கு எழுநூற்று அறுபத்தெட்டு. அவளுடைய லோன் பாஸ்! கண்ணைத் துடைத்துக்கொண்டு, தமிழில் முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். என்னுடையதையும் ஒரு தடவை பார்க்கச் சொன்னேன். எழுநூற்று நான்குக்கு இறங்கியிருந்தது.

மேனேஜர் எனக்காக வருத்தப்பட்டிருக்க வேண்டும். "கட்டாயம் இல்லம்மா… இருந்தாலும் கூட ஒருத்தர் இருந்தா நல்லது. சாரையும் லோன்ல சேத்துக்கலாமா?"

ஜெயா என்னைப் பார்த்தாள். பிறகு அவர் பக்கம் குனிந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

"வேணாம் மேடம். அவருக்கு மார்க்கு கம்மி."

உங்கள் மார்க்கை வருஷத்துக்கு ஒரு தடவை இலவசமாகப் பார்த்துக்கொள்ளலாம், ஐயா. வீட்டிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்… மனைவியோடு பேங்குக்குப் போய்த் தெரிந்துகொள்ளாதீர்கள்!