வெற்றுத் தோட்டாக்கள்

ரொறன்ரோ, 1986. யாழ்ப்பாணத்திலிருந்து நான் வந்து பத்து நாள்தான். மல்வேர்னில் இருக்கும் சிவம் அண்ணை, தன் தொழிற்சாலைக் கூட்டாளிகளோடு என்னையும் துப்பாக்கி சுடும் இடத்துக்குக் கூட்டி வந்திருக்கிறார். மேசையில் கோப்பிக் கோப்பைகளுக்கு நடுவே மூன்று ரைபிள்களும் ஒரு கைத்துப்பாக்கியும் கிடக்கின்றன. ஆளாளுக்கு எடுத்துச் சுட்டுவிட்டுச் சிரிக்கிறார்கள்.

எல்லாரும் சுட்டு ஓய்ந்ததும் நான் முழந்தாளிட்டு, வெற்றுத் தோட்டாக்களை ஒன்று விடாமல் பொறுக்குகிறேன். விரல் சுடுகிறது.

"அண்ணை, இதுகளை எங்க புதைக்கிறது?"

"ஏன்ரா புதைக்கிறாய்?"

"ஊரில, வீட்டில ஒண்டு அகப்பட்டாலே ஆமிக்காரன் ஆளைப் பிடிச்சுக்கொண்டு போயிடுவான்."

அண்ணை தன் கார்ச் சாவியை எடுத்துக் காட்டுகிறார். வளையத்தில் ஒரு வெற்றுத் தோட்டா தொங்குகிறது.

"பிறந்தநாளுக்கு மகள் செய்து தந்தவள்" என்கிறார்.

யாராவது கண்டுவிட்டார்களா என்று நான் வாசலைப் பார்க்கிறேன்.